அந்தோணியின் செல்

"ரெங்கண்ணே, அவரு செல்லு கெடச்சிருச்சு!"

ரோசம்மா இப்படிச் சொல்லிக்கொண்டு கடைக்குள் நுழைந்தபோது நான் ஒரு பயணப்பெட்டியின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். பெட்டி எவ்வளவு உறுதி என்று வாடிக்கையாளருக்குக் காட்ட எனக்குத் தெரிந்த வழி அதுதான். என் தொந்தியைத் தாங்கும் பெட்டி விமான நிலையத்தில் எதையும் தாங்கும் என்று அவரே முடிவுக்கு வந்துவிடுவார். ரோசம்மாவைப் பார்த்ததும் இறங்கினேன். அந்த இடைவெளியில் அவர் ஒரு விலை கேட்டார், நானும் கவனிக்காமல் சரி என்றுவிட்டேன். சிங்கப்பூர்த் தேக்காவில், இந்தக் கேம்பல் லேனில், நான் பேரம் பேசாமல் கொடுத்த ஒரே பெட்டி அது. அவருக்கே சந்தேகம் வந்து, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போனார்.

ரோசம்மா என் நண்பன் மரியஅந்தோணியின் மனைவி. சாம்பல் புதனுக்கு அடுத்த வாரம் அந்தோணி போய்விட்டான். பக்கத்துக் கடை அவனுடையது. என் கடையில் பெட்டி, கடிகாரம், செல். அவன் கடையில் சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம், மெழுகுவத்தி. தேக்காவில் இருக்கும் எல்லாக் கோயிலுக்கும் விற்பான், பங்குக் கோயில்களுக்கும் விற்பான். வியாழக்கிழமை சாயங்காலம் யாக்கூப் பாய் வந்து தன் வீட்டுக்கு வாங்கிப் போவார். "மதம்தான்டா மூணு, ரெங்கா. மூக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்பான். கல்லாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தூபக்கால் கனன்றுகொண்டே இருக்கும். விளம்பரப் பலகைக்குச் செலவு செய்யாத கஞ்சன். புகையைத் தெருவுக்கு அனுப்பி ஆளைக் கூட்டி வருவான்.

ஒரு மத்தியானம் அந்தத் தூபக்காலுக்குப் பக்கத்திலேயே சாய்ந்தான். மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வந்தது, ஆட்கள் ஓடினார்கள், அவன் போனான். அந்த அமளியில் அவன் ஹேண்ட்போனும் எங்கேயோ போனது.

போன் போனால் போகட்டும் என்று விட முடியவில்லை. அதை அவன் பேசுவதற்காக வைத்திருக்கவே இல்லை. அழைத்தால் எடுக்க மாட்டான். யார் நம்பர் கேட்டாலும் ரோசம்மாவின் நம்பரைத்தான் கொடுப்பான். அவனுக்கு அது ஒரு ரெக்கார்டர். ரோசம்மா தேக்கா ஈரச்சந்தையில் மீன்காரரோடு மல்லுக்கட்டும்போது பின்னால் நின்று, கூடையைத் தூக்கிப் பிடித்தபடி, ரகசியமாகப் பதிவு செய்வான். "இது மீனா, மீனோட போட்டோவா? எப்ப புடிச்சது, உங்க கல்யாணத்துக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று அவள் கேட்பதெல்லாம் அதில் இருக்கும். ராத்திரி சாப்பாட்டு மேசையில் போட்டுக் காட்டுவான். அவள் அகப்பையோடு எழுந்து வருவாள். பதிவு முழுக்க அவள் குரல்தான். ஆனால் ஒவ்வொன்றின் கடைசியிலும், அடக்கிப் பார்த்து முடியாமல், அவன் க்ளுக்கென்று சிரிப்பது கேட்கும்.

அவன் சத்தம் வேறெதிலும் மிஞ்சவில்லை. கல்யாண வீடியோவில் அவன் வாய் திறந்த நேரம் பார்த்து ஆர்கன்காரர் முழு வேகத்தில் வாசித்திருந்தார். ஆகவே ரோசம்மாவுக்கு அந்த ஹேண்ட்போன் வேண்டும். ஆஸ்பத்திரியில் கேட்டோம், ஆம்புலன்ஸ்காரர்களிடம் கேட்டோம், கடை முகப்புகளை ஒட்டி ஓடும் ஐந்தடிப் பாதையில் கடை கடையாகக் கேட்டோம். இல்லை.

"யாரு சொன்னது, கெடச்சிருச்சுன்னு?"

"ஆதவன்னு ஒரு தம்பி போன் பண்ணுச்சு அண்ணே. ஊர்லேந்து வந்த புள்ள போல, பேச்சு அப்படித்தான். 'அங்கிள் எப்படி இருக்காரு'ன்னு கேட்டுச்சு. தவறிட்டாருன்னேன். ரொம்ப வருத்தப்பட்டுச்சு. அப்புறம், 'ஆன்ட்டி, அங்கிளோட செல் எங்ககிட்டதான் இருக்கு, பத்திரமா வச்சிருக்கோம்'னுச்சு."

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர்க்காரன் யாரும் ஹேண்ட்போனை செல் என்று சொல்ல மாட்டான். ஆனால் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்குகிறவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள். அவர்களுக்கு அது செல்தான். வாங்குகிறவன் சொல்வதுதான் பொருளின் பெயர் என்று என் அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். அதனால் என் பலகையிலும் "செல் ரிப்பேர்" என்றே எழுதி வைத்திருக்கிறேன். ஊர்ப் பையன் ஒருவன் செல் என்று சொன்னால் எனக்கும் ரோசம்மாவுக்கும் வேறு எதுவும் தோன்ற வாய்ப்பில்லை.

"ஓடுதாமா?"

"உயிரோட இருக்காம். சார்ஜ் போட்டு வச்சிருக்கும்போல. 'நல்லா துடிச்சுக்கிட்டிருக்கு ஆன்ட்டி, வந்தா நீங்களே பாக்கலாம்'னுச்சு."

"வைப்ரேஷன்ல கெடக்குது" என்றேன், நிபுணன் மாதிரி.

"ஏதோ லேபாம் அண்ணே, புவன விஸ்தா ஸ்டேஷன் பக்கம். நாளைக்கு அதுல ஏதோ டெஸ்ட் பண்ணணுமாம். அதுக்கு முன்ன என்கிட்ட சம்மதம் கேக்கணுமாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டெஸ்ட்டா? பூராத்தையும் அழிச்சிட்டுப் புதுசு மாதிரி ஆக்கிருவானுங்க. அப்புறம் சிரிப்பாவது ஒண்ணாவது! கெளம்பு, இப்பவே கெளம்பு."

கடைக்கு வெளியே வந்தால் தெருக்கோடி தெரியவில்லை. சுமத்ராவில் காடு எரிந்து, புகைமூட்டம் இங்கே வந்து சில நாளாகியிருந்தது. காலையில் எழுந்ததும் எல்லாரும் நாட்காட்டியைப் பார்ப்பதுபோல் பி.எஸ்.ஐ. என்ற காற்றுமாசு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈரமான விறகை எரித்த வாசம். அந்த வாசம் மூக்கில் ஏறினாலே எனக்குத் தொண்ணூற்றேழாம் வருஷம் ஞாபகம் வந்துவிடும். எனக்கும் அந்தோணிக்கும் அப்போது தலை முழுக்க முடி இருந்தது. சிராங்கூன் சாலையில் கோபுரத்துப் பொம்மைகள் மேலிருந்து ஒவ்வொன்றாக மறைந்துகொண்டு வரும். அதை வைத்தே அன்றைக்குப் புகை எவ்வளவு என்று சொல்வோம். "இன்னைக்கு யாளி வரைக்கும்டா" என்பான். முகமூடியெல்லாம் யாருக்குத் தெரியும். கண் எரிந்தால் கடைவாசல் குழாயில் கழுவிக்கொண்டு பாலில்லாமல் ஒரு தே ஓ குடித்தால் ஆயிற்று.

அந்த நாட்களில் அவனுக்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும். வீட்டுக்குள் காட்டுப் புகை நாறுகிறது என்று சனங்கள் சாம்பிராணி வாங்க வருவார்கள். கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு உள்ளே சாம்பிராணி போடுவார்கள். புகையை விரட்டப் புகை. நம்மவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

"கூடச் சேந்து நீங்களும் சொல்றீங்களே, போடுங்கன்னு!" என்று ரோசம்மா பிடோக் வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்து கடையில் நின்று சண்டை போடுவாள். "வெளியிலதான் காட்டுப் புகைன்னா, உள்ள உங்க புகை. இந்தப் புகை ஒருநா உங்களைக் கொல்லப் போகுது."

"ரோசா, சுமத்ராவுலேந்து நமக்கு ரெண்டு புகை வருது" என்பான் அவன் சாவதானமாக. "ஒண்ணு மரத்தோட பாலு, நான் காசு குடுத்து வரவழைக்கிறேன். இன்னொண்ணு மரமே எரிஞ்சு ஓசில வருது. ஓசில வர்ற சரக்குதான் கெடுதி."

பி.எஸ்.ஐ. நானூறைத் தாண்டிய அந்த இரண்டாயிரத்துப் பதிமூன்றில் அவள் ஈரத்துண்டோடு வந்து அவன் மூக்கையும் வாயையும் கட்டிவிட்டுப் போனாள். வழிப்பறிக்காரன் மாதிரி கல்லாவில் உட்கார்ந்திருந்தான். "இவ்வளவு நாள் முகத்தைக் காட்டிக்கிட்டே செஞ்ச, இப்பதான் வெக்கம் வந்துச்சா?" என்றேன். துண்டுக்குள்ளிருந்து அந்த க்ளுக் கேட்டது.

ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறி உட்கார்ந்ததும் ரோசம்மா கைப்பையைத் திறந்து ஒரு சார்ஜரை எடுத்துக் காட்டினாள். "பழைய மாடலுல்ல, அண்ணே. அவங்ககிட்ட இந்த முனை இருக்காதுன்னு எடுத்தாந்தேன்."

"நல்ல வேலை செஞ்ச."

"ஞாபகம் இருக்கா, நான் அவரை மொதல்ல பாத்ததே திட்டுறதுக்குத்தான்."

எனக்குத் தெரியாதா! பங்குக் கோயில் பாடற்குழுவில் அவள் பாடிக்கொண்டிருந்த காலம். ஈஸ்டர் பூசையில் 'உன்னதங்களிலே' பாட்டை எடுக்கும் நேரம், தூபக் கலசத்திலிருந்து புகை நேராக இவள் மூக்கில் ஏறி, ஒரே இருமல். இவள் இருமினால் பக்கத்தில் நிற்பவளும் இருமினாள். பாட்டு நின்றுபோயிற்று. இந்தச் சரக்கை விற்றவன் யார் என்று விசாரித்துக்கொண்டு, ஈஸ்டர் சேலையைக்கூட மாற்றாமல் தேக்காவுக்கு வந்துவிட்டாள். "என்ன போட்டு விக்கிறீங்க இதுல, டயரா?" என்று அவள் கேட்டதும் அந்தோணி எழுந்து நின்றான். வாடிக்கையாளர் யாருக்கும் அவன் எழுந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கே, ரோசம்மாவை அனுப்பிவிட்டு என் கடைக்கு வந்து, "ரெங்கா, இவ கூட ஆயுசுக்கும் பேரம் பேசலாம்டா" என்றான்.

அப்படியே நடந்தது. அவள் தூபக்காலை அணைக்கச் சொல்வாள், அவன் மாட்டேன் என்பான். சரி, மத்தியானம் வரைக்கும் மட்டும் என்பாள். ஞாயிறு தவிர என்பான். கல்லாவிலிருந்து தள்ளியாவது வை என்பாள். ஒரு முழம் தள்ளி வைப்பான். அவள் பஸ் ஏறியதும் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்வான். அவன் சட்டைகளை மட்டும் தனியாகத் துவைப்பாள். பிள்ளைகள் வளர்ந்து, மகன் வேய்ன் மெல்பர்ன் போய், மகள் ஷார்லீன் உட்லண்ட்ஸில் குடித்தனம் போன பிறகும் இந்தப் பேரம் மட்டும் முடியவில்லை.

ஆய்வுக்கூடம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் உள்ளே, ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே போனதுபோல் குளிர்ந்து கிடந்தது. ஆதவன் ஒல்லியான பையன். வெள்ளைக் கோட்டு அவனுக்கு இரண்டு அளவு பெரியது. ரோசம்மாவைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். அந்தோணியைப் பற்றி இரண்டு வார்த்தை நல்லதாகச் சொன்னான். அதற்கே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"செல்லு எங்க தம்பி?"

"உள்ள இன்குபேட்டர்ல இருக்கு ஆன்ட்டி. முப்பத்தேழு டிகிரி சூட்டுல."

நான் குறுக்கிட்டேன். "அவ்வளவு சூட்டுல வைக்கலாமா தம்பி? பேட்டரி உப்பிக்குமே."

"பேட்டரியா?"

"நாங்க சார்ஜர் கொண்டாந்திருக்கோம்" என்று ரோசம்மா நீட்டினாள்.

ஆதவன் சார்ஜரைப் பார்த்தான். ரோசம்மாவைப் பார்த்தான். கடைசியில் என்னைப் பார்த்தான், வயதான மனுஷன் ஏதாவது காப்பாற்றுவார் என்று. எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லையே.

"ஆன்ட்டி… நான் சொன்ன செல் வேற. போன் இல்ல. அங்கிளோட உயிரணு."

இது இன்னும் மோசம். ஊர்ப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தில், லேகியப் படத்துக்குப் பக்கத்தில், அந்த வார்த்தையை எந்த விஷயத்துக்குப் போடுவார்கள் என்று எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும். ரோசம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"ஐயோ, மூக்கு! மூக்கு ஆன்ட்டி!" பையனுக்கு வியர்த்துவிட்டது. "மூக்குக்குள்ள சின்னதா ஒரு பிரஷ் விட்டு எடுத்த செல். போன வருஷம் தேக்கா பக்கம் கடை கடையா வந்து கேட்டோம். புகையில வேலை செய்யறவங்க யாராவது குடுப்பீங்களான்னு. அங்கிள்தான் மொதல்ல வந்தாரு."

எனக்கு அது எந்த நாள் என்று தெரிந்தது. அன்றைக்கு அந்தோணி தலைவலி என்று சொல்லி, கடையை என்னிடம் விட்டுவிட்டுப் போய், மூக்கைத் தேய்த்துக்கொண்டே திரும்பி வந்தான். ஜலதோஷம் என்று நினைத்திருந்தேன்.

ரோசம்மா பக்கத்தில் இருந்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சார்ஜர் வயரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "அப்ப சிரிப்பு இல்லையா" என்றாள். யாரையும் கேட்கவில்லை.

ஊரையே எடை போடத் தெரிந்தவன் என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு நினைப்பு உண்டு. என் பலகையில் நானே எழுதி வைத்த வார்த்தையில் நானே ஏமாந்து, ஒரு பெண்ணையும் இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறேன்.

ஆதவன்தான் மெதுவாக, "அதைப் பாக்குறீங்களா ஆன்ட்டி?" என்றான்.

எங்களுக்கும் கோட்டு, கையுறை எல்லாம் மாட்டிவிட்டு உள்ளே கூட்டிப்போனான். அலமாரி மாதிரி ஓர் இயந்திரத்திலிருந்து உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தான். அதில் குட்டிக் குட்டிக் குழிகள். எதிரே திரையில் முதலில் சாம்பல் நிறத்தில் ஏதோ மங்கலாக இருந்தது. அவன் திருகைத் திருகினான். தெளிந்தது.

திரை முழுக்க மெல்லிய மயிரிழைகள், ஆயிரக்கணக்கில், ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்துகொண்டிருந்தன. குருத்தோலை ஞாயிறன்று கோயில் வாசலில் கூட்டம் மொத்தமும் ஓலையைத் தூக்கி அசைக்குமே, அப்படி. நிற்கவே இல்லை.

"இது அவரா?"

"அவரோடதுதான் ஆன்ட்டி. உறைய வச்சிருந்து மறுபடி வளத்தோம்."

"உயிரோடவா?"

"உயிரோடதான்."

"இப்பவா?"

"இப்ப, நீங்க பாக்கறப்பவே."

ரோசம்மா திரைக்கு வெகு அருகே போனாள். நான் அவள் அழப்போகிறாள் என்று கைக்குட்டையைத் தேடினேன்.

"வீட்ல ஒரு வேலைக்குக் கையை அசைச்சது கெடையாது" என்றாள். "இங்க பாருங்க அண்ணே, ஆட்டத்தை!"

நான் சிரித்துவிட்டேன். ஆதவன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான். அப்புறம்தான் அவளுக்குக் கண்ணீர் வந்தது. கையுறையோடு துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"எதைத் தம்பி தள்ளுற மாதிரி ஆடுது அது?"

"உள்ள வர்ற தூசியை ஆன்ட்டி. மேல சளி மாதிரி ஒரு படலம் இருக்கும். தூசி அதுல ஒட்டிக்கும். இந்த முடியெல்லாம் அதைத் தள்ளித் தள்ளி வெளிய கொண்டுபோயிடும். நம்ம தூங்கறப்பவும் தள்ளும்."

"நாளைக்கு என்ன டெஸ்ட்?"

அவன் தயங்கினான். "புகைமூட்டம் வந்த நாள்ல எங்க மாடியில வடிகட்டித் தாள்ல காத்தைப் பிடிச்சு வச்சிருக்கோம். அதுல இருக்கறதை எடுத்து இது மேல விடப்போறோம்."

"விட்டா?"

அவன் சொன்னான். பையன் நல்ல மாதிரிதான், ஆனால் பாதி இங்கிலீஷில் சொன்னான். அதை நான் என் கணக்கில் ரோசம்மாவுக்குச் சொன்னேன். காட்டுப் புகையில் வரும் தூள், முடியை எத்தனையோ பங்கு பிளந்தாலும் அதைவிடச் சின்னது. முதலில் இந்த ஆட்டத்தை அது மெதுவாக்கும். வாசலில் துடைப்பம் ஓய்ந்தால் குப்பை உள்ளே வரத்தானே செய்யும். ஒன்றோடொன்று நெருக்கி நிற்கும் செல்களின் இடுக்கு தளரும். தூளின் மேல் பூசிக்கொண்டு வரும் தாரும் உலோகமும் செல்லுக்குள் போய், இரும்பில் துரு ஏறுகிற மாதிரி ஏறும். செல்லுக்குள் சக்தி செய்கிற குட்டி அடுப்புகள் கெடும். அந்த செல் எப்படிப்பட்டது என்ற குறிப்பு எழுதியிருக்கும் இழையிலேயே அங்கங்கே வெட்டு விழும். உடனே செல் உதவி கேட்டுக் கூப்பாடு போடும். காவலுக்கு வருகிற செல்கள் கூட்டமாக வந்து, அடிக்கிற வேகத்தில் நல்லதையும் சேர்த்து அடித்துவிட்டுப் போகும்.

"அப்புறம் சரியாகாதா?" என்று கேட்டேன். எந்தக் கெட்டுப்போன சரக்குக்கும் ஒரு வழி உண்டு என்று நம்பி வளர்ந்தவன் நான்.

"ஆகும் சார். வெட்டு விழுந்த இடத்தை அதுவே தைச்சுக்கும். ஆனா மூச்சு விட நேரம் குடுக்கணும். புகை விடாம வந்துக்கிட்டே இருந்தா, தைக்கற வேகத்தைவிடக் கிழியற வேகம் அதிகமாயிடும். அப்ப சிலது செத்துப்போகும். சிலது தப்பா தைச்சுக்கிட்டு உயிரோட இருக்கும். அதுதான் இன்னும் ஆபத்து."

ரோசம்மா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஆயுசு பூரா புகையில உக்காந்திருந்தாரு" என்றாள். "செத்த பெறகுமா?"

"நீங்க வேணாம்னு சொன்னா நிறுத்திடுவோம் ஆன்ட்டி. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"நிறுத்திட்டு?"

"நிறுத்தினா… அழிச்சிடணும். அது விதி."

"எதுக்கு அழிக்கணும்? சும்மா ஒரு ஓரமா இருந்துட்டுப் போகுது."

"ஆய்வுல இல்லாததை வச்சுக்க அனுமதி இல்ல."

"தம்பி" என்று நான் ஆரம்பித்தேன். "உள்ளங்கை அளவு தட்டு. அதுக்கு எவ்வளவு இடம் ஆகிடப்போகுது? புகைக்கு எல்லாமா வேணும், பாதி போதாதா?"

"பாதிதான் சார் புகைக்கு. மீதிப் பாதிக்கு வெறும் நல்ல காத்து. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும்ல."

கேட்கிறதுக்கு முன்பே பாதியைக் கொடுத்துவிடுகிறவனிடம் என்ன பேரம் பேசுவது?

ரோசம்மா கேட்டாள், "அவரு ஏன் குடுத்தாரு? எனக்குக்கூடச் சொல்லாம?"

ஆதவன் தரையைப் பார்த்தான். "சொன்னா கோச்சுக்கக் கூடாது ஆன்ட்டி. பிரஷ்ஷை உள்ள விடறப்ப கண்ணுல தண்ணியா கொட்டுது அவருக்கு. அப்பவும் பேசிக்கிட்டேதான் இருந்தாரு. 'எம் பொண்டாட்டி கல்யாணம் ஆனதுலேந்து சொல்றா, இந்தப் புகை உன்னைக் கொல்லும்னு. அவ சொல்றது சரியா தப்பான்னு பாத்துச் சொல்லு. தப்புன்னா அவளுக்குப் போன் பண்ணு, நம்பர் இந்தா. சரின்னா எனக்கும் சொல்லாதே, அவளுக்கும் சொல்லாதே'ன்னாரு."

பேரத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு ஒன்று தெரியும். வாங்குகிறவனும் விற்கிறவனும் உண்மையிலேயே சந்தோஷமாக இருப்பது, விலை படிவதற்கு முந்தி. படிந்துவிட்டால் அவன் பொருளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். இவன் அடுத்த முகத்துக்குக் காத்திருக்க வேண்டும். இவர்கள் இரண்டு பேரும் வாழ்நாள் முழுக்கப் படியவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். இப்போது இந்தத் தட்டு படிய வைக்கப் பார்க்கிறது. அவள் சொன்னது சரி என்று வந்துவிட்டால் என்ன செய்வாள்? யாரிடம் போய் ஜெயித்தேன் என்பாள்?

அவளுக்கும் அதேதான் ஓடியிருக்க வேண்டும்.

"அவரோடது மத்தவங்களைவிட மெதுவா ஆடுதா, தம்பி?"

"அது வந்து ஆன்ட்டி, அங்கிளோட…"

"வேணாம்." கையைக் காட்டி நிறுத்தினாள். "சொல்லாதீங்க. அவரு சொன்ன மாதிரியே இருக்கட்டும். எனக்குச் சொல்லக் கூடாது."

"தனித்தனியா யாருக்கும் சொல்ல மாட்டோம். எல்லாரோடதும் சேத்துத்தான் கணக்கு."

"அப்ப போடுங்க." அவள் குரல் சந்தைக்குப் போகும் குரலாக மாறியிருந்தது. "அவரு தெரிஞ்சுதான் குடுத்திருக்காரு. நான் நடுவுல வந்து வேணாம்னுட்டா, மேல போய் நின்னா திட்டுவாரு. பாதிக்காவது நல்ல காத்துன்னீங்களே, அது போதும். அவருக்கு அதுவே புதுசு."

ஆதவன் பெருமூச்சுவிட்டான். தட்டை எடுக்கக் கையை நீட்டினான். அவள் விடவில்லை.

"இருங்க. அவரோடது கெட்டிருக்கா இல்லையான்னு எதோட வச்சுப் பாப்பீங்க?"

"புகை இல்லாத வேலை பாக்கறவங்களோடதோட ஆன்ட்டி. ஏறக்குறைய அதே வயசு, அதே மாதிரி வீடு, சாப்பாடு. அப்படி ஆள் கெடைக்கறதுதான் கஷ்டம்."

"அதே மாதிரி வீடு எதுக்கு? அதே வீடு ஆகாதா?"

அவனுக்குப் புரியச் சற்று நேரமானது. எனக்கு முதலிலேயே புரிந்துவிட்டது. "ரோசம்மா, வலிக்கும்லா. அவனே அழுதிருக்கான்."

"ரெண்டு புள்ளை பெத்தவ நான். மூக்குல பிரஷ்ஷை விட்டாவா செத்துப்போவேன்?"

ஆதவன் வெளியே போய் யாரிடமோ போனில் பேசினான். திரும்பி வந்து, லேப் பெரியவர்கள் சம்மதித்துவிட்டார்கள், ரொம்ப நல்லது என்கிறார்கள் என்றான். அவள் படித்துப் பார்க்க வேண்டியதைப் படிக்கவைத்து, கையெழுத்து வாங்கி, பக்கத்து அறையில் உட்காரவைத்தான். ரோசம்மா சார்ஜரை என்னிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்து, தலையைப் பின்னால் சாய்த்தாள். பிரஷ் உள்ளே போனதும் இரண்டு கண்ணிலும் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பிரஷ் வெளியே வந்ததும், அவள் போட்ட தும்மலில் மேசை மேலிருந்த காகிதங்கள் பறந்தன.

"பாவி மனுஷன்" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "இவ்வளவு வலிச்சும் வாய் மூடலையா அவரு?"

"மூடவே இல்ல ஆன்ட்டி. நடுவுல ஒருதடவை சிரிக்க வேற செஞ்சாரு."

"எப்படி சிரிச்சாரு?"

பையன் ஒரு நொடி யோசித்தான். பிறகு தொண்டைக்குள் என்னவோ செய்து பார்த்தான். க்ளுக் இல்லை, பூனை இருமுவதுபோல் இருந்தது. ரோசம்மா அதைக் கேட்டு, கண்ணைத் துடைக்கவும் மறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிட்டத்தட்ட" என்றாள்.

அவன் பிரஷ்ஷை ஒரு குழாயில் இட்டு மூடினான். வளர வாரக்கணக்கில் ஆகும், வளர்ந்ததும் கூப்பிடுகிறேன், வந்து பாருங்கள் என்றான்.

"வளந்ததும் எங்க வைப்பீங்க?"

"அதே இன்குபேட்டர்தான் ஆன்ட்டி. ஆனா தனித் தட்டு. கலந்துடக் கூடாது."

"அவரு எந்த அடுக்கு?"

"மேல் அடுக்கு."

"நானு?"

"கீழதான் காலியா இருக்கு."

"அவரு மேல, நான் கீழயா? முடியாது. மேல வைங்க."

"மேல இடம் இல்ல ஆன்ட்டி, மத்தவங்களோடது நெறைய இருக்கு."

"அப்ப அவரைக் கீழ இறக்குங்க."

ஆதவன் மறுபடியும் என்னைப் பார்த்தான். நான் அவள் கொடுத்த சார்ஜர் வயரைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தேன். நல்ல பேரத்தில் மூன்றாவது ஆள் வாயைத் திறக்கக் கூடாது.

"சரி ஆன்ட்டி" என்றான் கடைசியில். "ரெண்டு பேரையும் கீழ் அடுக்குலயே, பக்கத்துல பக்கத்துல வச்சிடறேன். ஓகேவா?"

ரோசம்மா மூக்கைத் துடைத்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பொருள் பிடிக்காதவள் மாதிரி விறுவிறுவென்று வாசல் வரை நடந்தாள். கதவில் கை வைத்ததும் நின்றாள். திரும்பினாள்.

"அவருக்கு எந்தப் பக்கம்?"